பின்னும் வளையமும் இல்லாமல் சாக்கெட் வெளியே போகாது

நட்டை அடித்துத் திருகும் இம்பாக்ட் கன்னின் நுனியில் மாட்டும் கனத்த குழல்தான் இம்பாக்ட் சாக்கெட். எங்கள் ஸ்டோரில் அதைத் தனியாகக் கேட்டால் கிடைக்காது. சாக்கெட், அதைக் கன்னின் தண்டோடு குறுக்கே கோக்கும் பின், அந்தப் பின்னை மூடும் ரப்பர் வளையம் மூன்றும் சேர்ந்து ஒரே பொருள் என்றுதான் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே எண், ஒரே பை. திரும்பும்போதும் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் இதற்காக என்னிடம் வாதாடுவார்கள். "அக்கா, சாக்கெட்டை மட்டும் கொடுங்கள், வளையம் ஜீப்பில் கிடக்கிறது" என்பார்கள். ஜீப்பில் கிடக்கிற வளையத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் கருவி ஸ்டோர் என் பொறுப்பு. ஜூன் மாதம் காற்று ஏறிவிட்டால் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த எவருக்கும் மனம் வராது. அதனால் போல்ட் சோதனை, பெரிய பழுது எல்லாம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நெருக்கிப்பிடித்து நடக்கும். அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் ஐந்தாறு குழுக்கள் என் ஜன்னலில் நிற்கும். ஒவ்வொருவருக்கும் அவசரம். பின்னும் வளையமும் மறந்துபோவது அந்த நேரத்தில்தான். மேலே எண்பது மீட்டர் உயரத்தில் நினைவு வந்தால் இறங்கி வர யாரும் விரும்புவதில்லை. கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பார்கள். என் விதி பிறந்தது அந்தச் சமாளிப்பைத் தடுக்கத்தான்.

காற்றாலைக்கு வருவதற்கு முன்பே இந்தச் சின்னப் பொருள்கள் எனக்குப் பழக்கம். காவல்கிணறு – நாகர்கோவில் சாலையில் அப்பா லாரி டயர் கடை வைத்திருந்தார். பாலிடெக்னிக் விடுமுறையில் கல்லாவில் உட்கார்ந்தபடி வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லாரிச் சக்கர நட்டுக்கு 32, 33 மில்லிமீட்டர் சாக்கெட். அதை ஒரு இஞ்சுச் சதுரம் கொண்ட பெரிய கன்னில் மாட்டுவார்கள். பின் அச்சில் இரட்டைச் சக்கரம் இருப்பதால், உள்ளே எட்டுவதற்கு மூக்கு நீண்ட கன் வேண்டும். அந்த நீண்ட மூக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சாக்கெட் தொங்கும். நட்டு கழன்றதும் கன்னை வெளியே இழுத்து, விசையை விடாமல் அடுத்த நட்டுக்குக் கொண்டுபோவது வேலையாட்களின் வழக்கம். அப்போது சாக்கெட் நட்டைப் பிடிக்காமல் வெறுமனே முழு வேகத்தில் சுழல்கிறது. அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லையென்றால் அது எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இம்பாக்ட் கன் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் சாக்கெட் ஏன் கழன்று ஓடப் பார்க்கிறது என்பதும் புரியும். உள்ளே ஒரு சுத்தியல் சுழன்று வந்து தண்டின் மீது மோதுகிறது. மோதிவிட்டு விலகி மறுபடி சுழன்று வருகிறது. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்கள். இந்த அடி முழுவதும் தண்டின் சதுர நுனி வழியாகச் சாக்கெட்டின் சதுரக் குழிக்குள் போகிறது. இரண்டுக்கும் இடையே எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. இல்லையென்றால் சாக்கெட்டை மாட்டவே முடியாது. ஒவ்வோர் அடியிலும் அந்த இடைவெளிக்குள் சாக்கெட் உதறுகிறது. தண்டு புதிதாக, மூலைகள் கூராக இருக்கும்வரை உதறல் சுற்றும் திசையில் மட்டும்தான். நாளாக ஆக நுனியில் மூலைகள் மழுங்கும். நுனி மெலிந்து, அடி தடித்து, சதுரம் லேசான ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு ஒவ்வோர் அடியும் சாக்கெட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளும். நல்ல தண்டில் கையால் இழுத்தாலும் வர மறுக்கும் சாக்கெட், தேய்ந்த தண்டில் தானாகவே நகர்ந்து வருவது இதனால்தான்.

இங்கே பலர் தவறாக எண்ணும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பின் சுற்றுவிசையைச் சுமப்பதற்காக இல்லை. திருகும் பலம் முழுவதும் சதுரத்தின் நான்கு முகங்களில் போகிறது. சாக்கெட் முன்னால் நகராமல் பிடிப்பது மட்டும்தான் பின்னின் வேலை. அதனால்தான் பின் நுழையும் துளை பின்னைவிடச் சற்றுப் பெரிதாக வைக்கப்படுகிறது. சாக்கெட் இடைவெளிக்குள் உதறினாலும் பின் நசுங்கக் கூடாது. ஒரு குழுவிலிருந்து அடிக்கடி வெட்டுப்பட்ட பின் திரும்பி வந்தால், "பலவீனமான பின் கொடுக்கிறீர்கள்" என்று என்னிடம் கோபப்படுவார்கள். பின்மேல் பழி இல்லை. சதுரம் தேய்ந்து, உதறல் துளையின் இடைவெளியையும் தாண்டிப் போயிருக்கிறது. பின் கத்தரிக்கோலுக்கு நடுவே அகப்பட்டது போல வெட்டுப்படுகிறது. அப்படி வரும் கன்னை நான் உடனே ஒதுக்கி வைத்துவிடுவேன். தண்டை மாற்றாமல் கெட்டியான பின்னைப் போட்டால், அடுத்து உடைவது சாக்கெட்டின் சுவராக இருக்கும்.

கெட்டியான பின் என்றால் என்னவெல்லாம் போடுகிறார்கள் தெரியுமா? அப்பாவின் கடையிலும் பார்த்தேன், இங்கேயும் பார்க்கிறேன். உடைந்த டிரில் பிட்டின் தண்டு, ஆலன் சாவித் துண்டு. இரண்டும் மிகக் கடினமானவை. வளையாமல் சில்லாகத் தெறிக்கும். அதற்கு நேர்மாறாக ஆணி, வெல்டிங் ராடு துண்டு. இவை மென்மையானவை, முதல் சில நிமிடங்களிலேயே வளைந்து துளைக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு சாக்கெட்டைக் கழற்ற முடியாமல் கன்னோடு சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கி வருவார்கள். கட்டுக் கம்பியைத் துளைக்குள் விட்டு முறுக்கிவிடுவதும் உண்டு. முறுக்கிய முனை வெளியே நீட்டிக்கொண்டு சுழலும். கையுறையின் நூல் அதில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கருப்பு டேப்பைச் சுற்றி வைத்தவர்களும் இருக்கிறார்கள். அது சூட்டில் இளகிப் பசையாகிவிடும்.

சைக்கிள் டியூபை வெட்டி வளையமாகப் போடுவதுதான் எங்கும் பரவலான வழக்கம். பார்க்க நன்றாக இருக்கும், முதல் நாள் இறுக்கமாகவும் பிடிக்கும். ஆனால் டியூப் ரப்பர் காற்றை அடைத்து வைக்கச் செய்யப்பட்டது. எண்ணெய் அதற்கு ஆகாது. அழுத்தக் காற்றில் ஓடும் கன்னுக்குள் உயவு எண்ணெய் விடுகிறோம், அது வெளியேறும் காற்றோடு தூறலாகச் சாக்கெட்டின் மேல் படிகிறது. காற்றாலை போல்ட்டுகளின் மரையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு பசை தடவுகிறோம். இவற்றில் ஊறினால் டியூப் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். தளர்ந்த வளையம் சாக்கெட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தை விட்டு ஏறிவிடும், பின் வெளியே பறக்கும், பின்னாலேயே சாக்கெட்டும் வரும். இதற்கென்று விற்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களைப் பொதுவாக நைட்ரைல் ரப்பரில் செய்கிறார்கள்; அது எண்ணெயைத் தாங்கும்.

நைட்ரைலுக்கும் ஒரு பகை உண்டு. வெயிலும் ஓசோனும் பட்டால் அதில் குறுக்கு வெடிப்புகள் விழும். ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த வளையத்தை இரண்டு விரல்களால் இழுத்துப் பார்த்திருக்கிறேன். மேல்தோல் முழுக்க நுண்ணிய வெடிப்புகள் வாய் திறந்தன. தம்பிகள் சொல்லும் "ஜீப்பில் கிடக்கிறது" இதுதான். வளையங்களை நான் மூடியுள்ள டப்பாவில், ஸ்டோரின் உள் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கொடுக்கும் முன் இழுத்துப் பார்க்கிறேன். வெடிப்புத் தெரிந்தால் அங்கேயே கத்தரித்துப் போட்டுவிடுவேன், முழுதாகக் குப்பையில் போடமாட்டேன். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சாக்கெட்டைப் பிடித்துவைக்கப் பின்னும் வளையமும் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, வேறு வழிகளும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தகுந்த இடம் உண்டு. அரை இஞ்சுக் கன் பலவற்றில் தண்டின் நுனியிலேயே பிளவுபட்ட உலோக வளையம் ஒன்று இருக்கும். அடியில் ஒரு ஓ-ரிங் அதை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். சாக்கெட்டை அழுத்தினால் ஏறும், இழுத்தால் வரும். கார் பணிமனையில் நிமிடத்துக்கு ஒரு சாக்கெட் மாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் அது உரசலை நம்பி நிற்கும் பிடி. உலோக வளையம் தேயும், அடியிலிருக்கும் ரப்பர் சோர்ந்துபோகும், ஒருநாள் கன்னைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சாக்கெட் காலடியில் விழும். தரையில் நின்று செய்யும் வேலையில் அது ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். கோபுரத்தில் முடியாது. இன்னொரு வகையில் தண்டின் பக்கவாட்டில் வில் வைத்த குமிழ் ஒன்று எட்டிப் பார்க்கும். அது சாக்கெட்டின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், மெல்லிய கம்பியால் குத்தி அழுத்தினால்தான் விடும். பிடிப்பு நல்லது. கையுறை போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே பார்த்தபடி அதைக் குத்தி எடுப்பதுதான் பெரும்பாடு.

முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சுக் கன்களுக்கு வந்துவிட்டால் என் மனதில் இரண்டாவது கருத்தே இல்லை. தண்டின் குறுக்கே முழுத் துளை இருக்க வேண்டும். சாக்கெட்டின் வெளிப்புறத்தில் துளையும் சுற்றுப் பள்ளமும் இருக்க வேண்டும். பின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரை போக வேண்டும். வளையம் பின்னின் இரு முனைகளையும் மூடிப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். வளையமும் பின்னும் ஒன்றாக வார்க்கப்பட்ட பாலியூரித்தேன் வகையும் இப்போது வருகிறது. பின்னைத் தவறவிடும் வாய்ப்பே இல்லாததால் கோபுரத்தின் மேல் சாக்கெட் மாற்றுகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன்.

பளபளக்கும் குரோம் சாக்கெட்டைக் கன்னில் மாட்டுகிறவர்களிடம் மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். அது கையால் திருகும் ராட்செட்டுக்காகச் செய்யப்பட்டது. உள்ளே ராட்செட்டின் குண்டு உட்காரச் சிறு குழி இருக்கும். வெளியே பின்னுக்கான துளையும் வளையத்துக்கான பள்ளமும் இருக்காது. அதாவது அதைக் கன்னில் பிடித்துவைக்க வழியே இல்லை. உலோகமும் அதிகக் கடினமாக இருப்பதால் அடியில் வெடித்துவிடலாம். இம்பாக்ட் சாக்கெட் கருப்பாக, சுவர் தடித்து, அடியை வாங்கிக்கொள்ளும் குரோம்–மாலிப்டினம் எஃகில் இருக்கும்.

அளவு விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கே குழப்பம் உண்டு. சதுரத்தின் அளவுகள் ஐ.எஸ்.ஓ. 1174 என்ற சர்வதேசத் தரத்தின் இரண்டாம் பகுதியில் வரையறுக்கப்பட்டவை. நாம் அரை, முக்கால், ஒன்று என்று இஞ்சில் சொல்வதை அங்கே 12.5, 20, 25 என்று மில்லிமீட்டரில் குறித்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் சாக்கெட்டும் எந்த நிறுவனத்தின் கன்னிலும் ஏறுவது அதனால்தான். ஆனால் பின்னையும் வளையத்தையும் சதுரத்தின் அளவை மட்டும் சொல்லி வாங்க முடியாது. ஒரு இஞ்சுச் சதுரமே கொண்ட 33 மில்லிமீட்டர் சாக்கெட்டும் 60 மில்லிமீட்டர் சாக்கெட்டும் பின்பக்கத்தில் வெவ்வேறு பருமன் கொண்டிருக்கலாம். பள்ளத்தின் விட்டம்தான் பின்னின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளத்தின் அடித்தளத்தைத் தாண்டி பின் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் முனை ரப்பரை உள்ளிருந்தே அறுக்கும். மிகவும் குட்டையாக இருந்தாலோ ஒரு பக்கமாக ஒதுங்கி, மறு பக்கத்தின் பிடியை விட்டுவிடும். வெர்னியரில் பள்ளத்தை அளந்து, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் உரிய பின்னின் நீளத்தைப் பதிவேட்டில் அதன் எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கிறேன். வேறு யாராவது என் இடத்துக்கு வந்தாலும் அந்தப் பக்கம் இருந்தால் போதும்.

காற்றாலையில் இது ஏன் இத்தனை முக்கியம் என்று கேட்டால், உயரத்தையும் எடையையும் மட்டும் பாருங்கள். குழாய்க் கோபுரங்கள் துண்டு துண்டாக வந்து, விளிம்புகள் பொருத்தி, பெரிய போல்ட்டுகளால் பிணைக்கப்படுகின்றன. எம் 36, அதாவது 36 மில்லிமீட்டர் பருமனுள்ள, 10.9 வலிமைத் தர எச்.வி. போல்ட்டின் தலை எதிரெதிர் முகங்களுக்கு இடையே 60 மில்லிமீட்டர். அதற்கான ஒரு இஞ்சுச் சாக்கெட் ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. முதலில் கன்னால் நட்டை ஓட்டி உட்கார வைப்பார்கள். கடைசி இறுக்கம், குறித்த சுற்றுவிசைக்கு மெதுவாக இறுக்கும் ஹைட்ராலிக் டார்க் ரெஞ்சில். பசை தடவிய அந்த போல்ட்டுக்கு ஜெர்மானிய அட்டவணைகள் 2800 நியூட்டன் மீட்டர் சுற்றுவிசை என்று சொல்கின்றன. அந்த ரெஞ்சின் சதுரத்திலும் சாக்கெட்டைப் பின்னும் வளையமும் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். மெதுவாகத் திரும்பும் கருவிதானே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மெதுவாகத் திரும்பினாலும் தூக்கி அடுத்த போல்ட்டுக்கு நகர்த்தும்போது சாக்கெட் கீழ்நோக்கித்தான் தொங்குகிறது.

விளிம்புக்குக் கீழே நிற்கத் தளம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தளத்தில் ஏணிக்கு ஒரு வாசல், கேபிள்களுக்கு ஒரு திறப்பு. 1990களில் நிறுவிய பழைய இயந்திரங்கள் பலவற்றில் கம்பிப் பின்னல் கோபுரங்கள். அவற்றில் இப்படி மூடிய தளம் பெரும்பாலும் கிடையாது, கையிலிருந்து நழுவியது நேராகத் தரைக்குத்தான். 80 மீட்டரிலிருந்து விழும் பொருள் நான்கு வினாடியில் தரையைத் தொடும்; காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டும். கனத்த சிறிய எஃகுத் துண்டுக்குக் காற்றின் தடை பெரிதாக உதவாது. கீழே நிற்பவரின் தலைக்கவசம் அந்த அடிக்காகச் செய்யப்படவில்லை. கோபுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்கி வைப்பது அவசியம்தான், என்றாலும் எங்கள் ஊரில் காற்றாலைக்கு அடியில் ஆடு மேய்கிறது, ஆட்டின் பின்னால் ஒரு பாட்டியோ சிறுவனோ வருகிறார்கள். அவர்களுக்கு அறிவிப்புப் பலகை தெரியாது.

இதையெல்லாம் நான் ஒருத்தி மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கட்டுமானப் பாதுகாப்பு விதி 1926.302, காற்றழுத்த இம்பாக்ட் கருவிகளில் மாட்டும் துணைப்பொருள் தவறுதலாக வெளியே எறியப்படாதபடி பாதுகாப்புக் கிளிப்போ பிடிப்பானோ பொருத்தி, அதை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. பொருத்தினால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும் என்ற அந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. உயரத்திலிருந்து விழும் கருவிகளுக்கென்றே 2018-இல் அங்கே ஏ.என்.எஸ்.ஐ./ஐ.எஸ்.இ.ஏ. 121 என்ற தரம் வந்தது. கருவியைக் கட்டும் கயிறு, கயிறு மாட்டும் இணைப்பு, மூடியுள்ள பை போன்றவற்றை அது பேசுகிறது. இப்போது சாக்கெட் சுழன்றாலும் தான் சுழலாத வளையம் ஒன்றைச் சாக்கெட்டின் மேல் பொருத்தி, அதிலிருந்து கயிறு கட்டும் வகைகளும் கிடைக்கின்றன. எங்கள் கம்பிக் கோபுர வேலைக்கு அவற்றை வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மாட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஜன்னலில் நிற்பவர்களுக்கு நான் செய்து காட்டுவது இதுதான். அழுத்தக் காற்றில் ஓடும் கன் என்றால் குழாயைக் கழற்றிவிடுங்கள், பேட்டரிக் கன் என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். வளையத்தை முதலில் சாக்கெட்டில் ஏற்றி, பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கி, துளை தெரியும்படி வையுங்கள். சாக்கெட்டைத் தண்டில் முழுதாக ஏற்றித் துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சாக்கெட்டைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். பின் விரலால் தள்ளினாலே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ சரியில்லை. பின்னை நடுவில் நிறுத்தி, வளையத்தை அதன் மேல் உருட்டிப் பள்ளத்தில் இறக்குங்கள். பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். இடையில் நீட்டிப்புத் தண்டோ, அளவு மாற்றும் அடாப்டரோ போட்டால் அந்த ஒவ்வொரு மூட்டுக்கும் இதே வேலை மறுபடி உண்டு. முன்னால் மாட்டிவிட்டுப் பின்னால் விட்டுவிட்டால் அடாப்டரும் சாக்கெட்டும் சேர்ந்தே விழும்.

கடைசியாக, கொள்முதல் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாக்கெட் வாங்கும்போது விலைப்புள்ளியில் பின்னையும் வளையத்தையும் தனி வரியாக எழுதிக் கேளுங்கள். பல கடைகளில் சாக்கெட் மட்டும்தான் வரும். நாமாகக் கேட்டால்தான் மற்றவை வரும். சாக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை சொற்பம். ஒரு சாக்கெட்டுக்கு இரண்டு பின், நான்கு வளையம் என்ற கணக்கில் வாங்கி வைத்தால் ஒரு பருவத்துக்குத் தட்டுப்பாடு வராது. எந்த அளவு என்று சந்தேகம் வந்தால் கன்னின் புகைப்படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். சாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து, பள்ளத்தின் விட்டத்தையும் துளையின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து அனுப்புங்கள். பதிவேட்டைப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.